புதுப்பிப்பு: ஷவர் தளத்தின் ‘டொக் டொக்’ நின்றது

கிளிநொச்சி வீட்டுக் குளியலறையில் ரைல்ஸ் பதிக்கத் தயாராக வரும் ஷவர் தளத்தை வைத்தோம், மூலையை மிதித்தால் ‘டொக்’ என்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

ஓட்டை போட்டு சிலிக்கோன் அடித்தது வீண்வேலை. கடைசியில் கழற்றினோம். அடியில் ரைல்ஸ் கம் ஐந்து உருண்டை, மற்றதெல்லாம் வெற்றிடம்! பதில் போட்ட வவுனியா அண்ணா சொன்னதுதான் சரி: பல்லுக் கரண்டியால் (விளிம்பில் பல் வெட்டிய கரண்டி) தரை முழுக்கக் கம் இழுத்து, தளத்தின் அடியிலும் மெல்லிசாகப் பூசி அமர்த்தினோம். ஒருதரம் தூக்கிப் பார்த்தோம், எல்லா இடமும் ஒட்டியிருந்தது.

எதிர்பாராதது, பழைய தரையே சரிவு. தளத்திலேயே வாட்டம் இருப்பதால் கீழே மட்டமாகத்தான் இருக்க வேண்டும். மேசனை இதற்குச் சம்மதிக்க வைக்கவே அரை நாள். சீமெந்துக் கலவையால் மட்டம் எடுத்து, காயவிட்டுத்தான் வைத்தோம்.

அப்புறம் ஒழுகுகிறதா என்று பார்க்க வடிகாலை அடைத்து, தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினோம். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது, நெஞ்சு பக்கென்றது. பார்த்தால் அடைப்பானின் இறப்பர்தான் வெடித்திருக்கிறது. மாற்றிவிட்டு இன்னொரு நாள் விட்டோம், தண்ணீர் கோட்டை விட்டு அசையவில்லை. நேற்று ரைல்ஸ் பதித்தாயிற்று.