தாத்தா நினைவுக் கச்சேரிக்கு மைக் வேண்டுமா?

குழு: தென்னந்தோப்பு வீடு

[மாலை 6:12] ராஜேந்திரன்: நாயனக்காரர் போன் செய்தார். தை மூன்றாவது ஞாயிறு நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று இன்று ராத்திரிக்குள் சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு முகூர்த்தம். அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்துக்கும் கேட்கிறார்கள்.

[6:14] கனகா: சொல்லிவிடுங்கள் அண்ணே. பத்தாம் வருடம். விடக்கூடாது.

[6:14] சரோஜா: ஆமாம் மாமா.

[6:15] கனகா: அப்புறம், போன வருடம் கொண்டுவந்த என் பெரிய தூக்குவாளி யார் வீட்டில் இருக்கிறது?

[6:19] யாழினி: பெரியப்பா, பொங்கலுக்கு வரும்போது நேரில் கேட்கலாம் என்றிருந்தேன். இந்த வருடக் கச்சேரியை, புயலிலிருந்து கரையைக் காக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்காக வைக்கலாமா? வருகிறவர்களிடம் உண்டியல் வைத்துக் கேட்போம். நாயனத்துக்கு நடுவில் ஒரு பத்து நிமிடம் நான் பேசுகிறேன்.

[6:20] தினேஷ்: சூப்பர்

[6:21] ராஜேந்திரன்: அப்பா நினைவு நாளில் உண்டியலா?

[6:22] சரோஜா: யாழினி, பெரியப்பாவிடம் முதலில் போனில் பேசியிருக்கலாம் இல்லையா.

[6:31] செல்வம்: இங்கே காலை எட்டு மணி. இப்போதுதான் பார்க்கிறேன். யாழினி, நீ சொன்னதும் எனக்கு 2007 நினைவுக்கு வந்துவிட்டது. ஜூலை 7, லைவ் எர்த் கச்சேரிகள். அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் முன்னின்று நடத்தியது. சிட்னி, டோக்கியோ, ஷாங்காய், ஜோகன்னஸ்பர்க், ஹாம்பர்க், லண்டன், ரியோ, அப்புறம் எங்கள் நியூ ஜெர்சி, எல்லாம் ஒரே நாளில். பருவநிலை மாற்றத்தைப் பற்றி உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பேச வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நான் ஜயண்ட்ஸ் ஸ்டேடியத்துக்குப் போனேன். கடைசியாக மேடை ஏறியது தி போலீஸ் என்ற ராக் இசைக்குழு. ஏழு அம்சங்கள் கொண்ட உறுதிமொழி ஒன்றும் வைத்திருந்தார்கள். இன்றைக்கு இத்தனை வருடம் கழித்து யோசித்தால் பாட்டு நினைவிருக்கிறது, அந்த ஏழில் ஒன்றுகூட நினைவில்லை. அதைவிட நன்றாக நினைவிருப்பது கார் நிறுத்துமிடம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கார். எடிசனிலிருந்து போன என் காரும் அதில் ஒன்று. அந்த மைதானத்தையே 2010-இல் இடித்துவிட்டார்கள்.

[6:32] தினேஷ்: சித்தப்பா, கொஞ்சம் பிரித்துப் பிரித்து அனுப்புங்கள்

[6:33] கனகா: செல்வம், சாப்பிட்டாயா?

[6:38] செல்வம்: சாப்பிட்டேன் அக்கா. நான் சொல்ல வருவது, விழிப்புணர்வு என்று மட்டும் வைத்தால் கரைந்துபோகும். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லைவ் எய்ட் கச்சேரி நடத்திய பாப் கெல்டாஃப் அப்போதே கேட்டார், பூமி சூடாகிறது என்று எல்லாருக்கும் தெரியுமே, இந்தக் கச்சேரி எதை அடையப் போகிறது என்று. அடுத்த வருடம் மும்பையில் லைவ் எர்த் இந்தியா என்று 2008 டிசம்பர் 7-க்குத் தேதி குறித்திருந்தார்கள். கரண்ட் இல்லாத கிராமங்களுக்குச் சூரிய விளக்கு வாங்கிக் கொடுப்பதற்காக. அதில் பணம் எங்கே போகிறது என்பது ஒரு வரியில் புரிந்தது. நவம்பர் 26 தாக்குதலால் அது நடக்காமலே போய்விட்டது. அதனால் யாழினி, உன் பணம் எதற்கு என்று ஒரு வரியில் சொல்.

[6:44] யாழினி: வாய்க்கால் தூர் வார, சித்தப்பா.

[6:45] ராஜேந்திரன்: அலையாத்திக்கு வாய்க்காலா? கடல் ஓரத்தில் தானாக வளர்வது.

[6:52] யாழினி: நல்ல கரையில் தானாக வளரும் பெரியப்பா. காடு அழிந்த இடத்தில் மண் இறங்கி, தண்ணீர் தேங்கி, வெயிலில் உப்பு ஏறிப்போயிருக்கும். அங்கே கன்று வைத்தால் நிற்காது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மீன்முள் மாதிரி வெட்டுவார்கள். ஓதம் ஏறி இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போகும். அப்புறம்தான் வெண்கண்டல் விதை போடுவது. முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் பல வருடமாகச் செய்துவரும் முறைதான். ஆனால் வாய்க்கால் தூர்ந்துபோகும். கன்று நடுகிற அன்றைக்குப் படம் எடுக்க எல்லாரும் வருவார்கள், தூர் வார யாரும் காசு கொடுப்பதில்லை. நான் ஆறு மாதம் ப்ராஜெக்ட் செய்தது அந்த மீனவர் குழுவோடுதான். வனத்துறை அனுமதியோடு வேலை நடக்கிறது. கூலி கொடுக்கத்தான் வழியில்லை.

[6:53] தினேஷ்: இதை அப்படியே கச்சேரியில் பேசு

[6:55] ராஜேந்திரன்: புயல் என்ன புதிதா? 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் அடித்த புயல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது யாரும் பருவநிலை என்று பேசவில்லை.

[7:01] யாழினி: உண்மைதான் பெரியப்பா. புயல் எப்போதும் உண்டு. கஜா புயல் பருவநிலை மாற்றத்தால்தான் வந்தது என்று நான் மேடையில் சொல்ல மாட்டேன். ஆனால் கடல் சூடாக ஆகப் புயலுக்குக் கிடைக்கும் சக்தி கூடுகிறது. கடல்மட்டம் ஏறினால் அதே புயல் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும். அலையாத்தியே கஜாவில் பெரிய அடி வாங்கியது. இப்போது கை கொடுக்காவிட்டால் அடுத்த புயலுக்குக் கரையில் ஒன்றும் நிற்காது.

[7:03] கனகா: 2018 நவம்பர் 16. விடிந்து பார்த்தால் 140 தென்னையில் ஒன்பதுதான் நின்றது. அந்தத் தோப்பு இருந்திருந்தால் கச்சேரியைத் தோப்பிலேயே வைத்திருக்கலாம்.

[7:04] கனகா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[7:06] ராஜேந்திரன்: நீக்கியதைப் படித்துவிட்டேன் கனகா. ஒன்பது மரத்தை வைத்துக்கொண்டு வங்கிக் கடனை எப்படி அடைப்பது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

[7:07] சரோஜா: நாயனக்காரருக்குப் பதில் சொல்லியாகிவிட்டதா மாமா?

[7:07] ராஜேந்திரன்: இல்லை.

[7:12] கார்த்தி: கடையில் இருந்தேன், இப்போதுதான் படித்தேன். பெரிய மாமா, போன வருடம் மாதிரியே நாலு கூம்பு ஸ்பீக்கர், ஜெனரேட்டர், சீரியல் செட் எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளட்டுமா?

[7:14] யாழினி: கார்த்தி அத்தான், அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இதற்காக வைக்கும் கச்சேரியில் டீசல் ஜெனரேட்டர் ஓடினால் நன்றாக இருக்காதே.

[7:15] கார்த்தி: மைக் வேண்டாம் என்றால் நேராகச் சொல்லிவிடு. ஒவ்வொரு வருடமும் தாத்தாவுக்காகப் பாதி வாடகைக்குத்தான் செய்கிறேன்.

[7:15] யாழினி: ஐயோ, அப்படிச் சொல்லவில்லை

[7:20] தினேஷ்: மச்சான், கோபப்படாதே. 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் மாசிவ் அட்டாக் என்ற இசைக்குழு பெரிய கச்சேரி ஒன்றை முழுக்க பேட்டரியில் நடத்தினார்கள். டீசலே இல்லை. கார் நிறுத்த இடமும் தரவில்லை, ரயிலில் வா, அங்கிருந்து எலக்ட்ரிக் பஸ் என்றார்கள். கச்சேரியில் பெரும் புகை மேடையிலிருந்து வருவதில்லை, பார்க்க வருகிறவர்களின் வண்டியிலிருந்துதான்.

[7:21] ராஜேந்திரன்: அப்படியென்றால் நீ கோயம்புத்தூரிலிருந்து காரில் வராதே.

[7:22] தினேஷ்: பஸ்ஸில் வருகிறேன் அப்பா. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

[7:23] கனகா: தஞ்சாவூரில் இருந்து நாங்கள் ஒரு வேன் பிடித்து வந்துவிடுகிறோம். தனித்தனிக் கார் வேண்டாம். செல்வம், நீ வருகிறாய்தானே?

[7:29] செல்வம்: அக்கா, இந்த வருடம் கஷ்டம். விமானத்தில் நான் ஒருவன் வந்து போகும் புகைக்கு, இங்கிருந்தே வீடியோவில் பார்த்துவிட்டு டிக்கெட் காசை வாய்க்காலுக்குக் கொடுப்பது மேல் என்று தோன்றுகிறது. லைவ் எர்த்தில் எனக்குப் பிடித்த இடம் அண்டார்க்டிகாதான். ராதெரா என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஐந்து பேர் சேர்ந்து நுனடாக் என்று ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். ஜூலையில் அங்கே கடுங்குளிர்காலம், வெளியிலிருந்து யாரும் போக முடியாது. கூட வேலை செய்தவர்கள்தான் கேட்டார்கள். எங்கிருந்தும் யாரும் பறந்து போகவில்லை.

[7:31] கனகா: பத்தாம் வருடத்துக்கும் வரமாட்டாய். அப்பா காரியத்துக்கும் பதினாறாம் நாள்தான் வந்தாய்.

[7:31] கனகா: காசா கேட்டேன்?

[7:40] யாழினி: அத்தை, சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சித்தப்பா, நீங்கள் வந்தால் அப்பாயிக்கு எப்படி இருக்கும் என்றும் பாருங்கள்.

[7:48] செல்வம்: அக்கா, ராத்திரி போன் செய்கிறேன்.

[7:49] செல்வம்: பணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க். சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் பங்களாதேஷ் அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார். அதற்கு முந்தைய நவம்பரில் அங்கே போலா புயல், அப்புறம் போர். ஒரே நாளில் இரண்டு காட்சி. டிக்கெட் பணம் யுனிசெஃப்புக்குப் போய்விட்டது. ஆனால் இசைத்தட்டில் வந்த பெரிய தொகை வரித்துறையில் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டது, வரிவிலக்குக்கு முன்கூட்டியே பதிவு செய்யாததால். அதனால் உண்டியல் வைப்பதற்கு முன்னால் பணம் யார் பெயரில், யார் எண்ணுவது, எந்தத் தேதியில் கொடுப்பது என்று எழுதிவிடுவோம்.

[7:51] ராஜேந்திரன்: நான் கணக்குக் காட்டவில்லை என்கிறாயா?

[7:52] செல்வம்: அண்ணே, சத்தியமாக அப்படி இல்லை.

[7:53] ராஜேந்திரன்: ஒன்பது வருடக் கணக்கும் அப்பாவின் பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். சாமந்திப் பூ வாங்கியது வரைக்கும்.

[7:54] யாழினி: பெரியப்பா, அந்த டைரியைக் கச்சேரியில் உண்டியல் பக்கத்திலேயே வைக்கலாமா? அன்றைக்கு வந்த தொகையை எல்லார் முன்னாலும் அதிலேயே எழுதுங்கள். தாத்தா கையெழுத்து முன்பக்கத்தில் இருக்கிறதே.

[7:58] ராஜேந்திரன்: பார்க்கலாம் பாப்பா.

[8:05] சரோஜா: (குரல் பதிவு, 1:12) அத்தை (உங்கள் அப்பாயி) பேசியது. எல்லாரும் கேளுங்கள்.

[8:09] தினேஷ்: பஸ்ஸில் இருக்கிறேன் சித்தி, கேட்க முடியவில்லை. என்ன சொல்கிறார்கள்?

[8:16] சரோஜா: அத்தை சொன்னது: "கோயிலில் நாயனம் ஊதினால் தோப்பு வரைக்கும் கேட்கும். அவர் திண்ணையில் உட்கார்ந்து தோடி கேட்டபோது மைக் ஏது? மைக் வந்த பிறகு மண்டபத்துக்குள்ளே காது வலிக்கிறது. கஜா அடித்த ராத்திரி மரம் முறிகிற சத்தம் இன்னும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது. நல்லவேளை அவர் அதைப் பார்க்காமல் போனார். யாழினி கேட்பதைச் செய்யுங்கள். உண்டியலில் முதல் காசு என்னுடையது." அப்புறம் செல்வத்தை வரச் சொன்னார்கள். அதையும் சொல்லச் சொன்னார்கள்.

[8:17] தினேஷ்: அப்பாயி

[8:24] கார்த்தி: ஆச்சி சொல்வது சரிதான். நாயனமும் தவிலும் திறந்த இடத்துக்கு என்றே பிறந்தது. கூம்பு வேண்டாம். ஆனால் யாழினி பேசுவது பின்வரிசைக்குக் கேட்குமா? அவள் குரல் எனக்குத் தெரியும். என்னிடம் பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, ஒரு மைக் தாங்கும். ஜெனரேட்டர் கிடையாது. வாடகையும் கிடையாது.

[8:25] யாழினி: அத்தான், ரொம்ப நன்றி. கோபம் போய்விட்டதா?

[8:26] கார்த்தி: பாதி

[8:27] தினேஷ்: ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் பாதிக் கச்சேரி வெளிச்சத்திலேயே முடியும். சீரியல் செட்டும் வேண்டாம்.

[8:28] கனகா: சீரியல் செட் இல்லாமல் எப்படி? வீடு இருட்டாக இருந்தால் நினைவு நாள் மாதிரியா இருக்கும்?

[8:28] சரோஜா: வாசலில் அகல் வைக்கலாம் அண்ணி.

[8:29] ராஜேந்திரன்: தை மாதக் காற்றில் அகல் நிற்காது. மைக், விளக்கு எல்லாம் பொங்கல் அன்று பேசுவோம்.

[8:30] யாழினி: உண்டியல் பெரியப்பா?

[8:41] ராஜேந்திரன்: நாயனக்காரருக்குச் சொல்லிவிட்டேன். தை மூன்றாவது ஞாயிறு, மாலை ஐந்து. அச்சாரம் அனுப்பியாகிவிட்டது. மைக் இல்லாமல் ஊத முடியுமா என்று கேட்டேன். சந்தோஷப்பட்டார். கூட ஒரு தவில் வைத்துக்கொள்ளலாமா என்கிறார்.

[8:42] தினேஷ்: வைக்கச் சொல்லுங்கள் அப்பா

[8:43] ராஜேந்திரன்: யாழினி, அந்த மீனவர் குழுவில் ஒருவரை என்னிடம் பேசச் சொல். ஒரு நாள் தூர் வார எத்தனை ஆள், என்ன கூலி என்று நான் நேரில் கேட்க வேண்டும். அப்புறம் உண்டியல் பற்றிச் சொல்கிறேன்.

[8:44] யாழினி: நாளைக்கே பேசச் சொல்கிறேன் பெரியப்பா.

[8:52] செல்வம்: அக்கா, போன் செய்தேன், எடுக்கவில்லை.

[8:58] கனகா: அடுப்படியில் இருந்தேன். இப்போது பண்ணு.

[9:03] ராஜேந்திரன்: கனகா, தூக்குவாளி இங்கே பரணில் இருக்கிறது. மூடியைத்தான் காணவில்லை.