தாமே இயற்றித் தாமே வாசித்த பியானோ மேதைகள்: கேட்டவர்களின் அனுபவப் பகிர்வு

காரைக்குடியிலிருந்து:

ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோ மேதையுமான ராக்மானினோவ் தம் இசையைத் தாமே வாசித்த ஒலிப்பதிவுகளை முதன்முதலாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் திகைத்துப் போகிறார்கள். அவருடைய மூன்றாவது பியானோ கன்சர்ட்டோவை, அதாவது பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, பிற்காலத்துக் கலைஞர்கள் உருகி உருகி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று வாசிப்பதையே கேட்டுப் பழகிய காதுக்கு, 1939, 1940 ஆண்டுகளில் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவுடன் அவரே பதிவு செய்த வாசிப்பு விரைவாகவும் கறாராகவும், சில பகுதிகளை அப்படியே விட்டுவிட்டுத் தாண்டிச் செல்வதாகவும் இருக்கும். ஒரு படைப்புக்கு உச்சப் புள்ளி ஒன்றுதான் உண்டு, அதை நோக்கி அளவு பிசகாமல் நடக்க வேண்டும், அது தவறினால் மொத்தமும் சரிந்துவிடும் என்பது அவர் கொள்கை. கானாடுகாத்தானில் நண்பர் ஒருவரின் வீட்டுப் பட்டாலையில் சிலராகக் கூடி அந்தப் பதிவை முழுதாகக் கேட்டபோது இதைக் கண்கூடாக உணர்ந்தேன். வழியில் இருக்கும் அழகான இடங்களில் அவர் தங்குவதே இல்லை. இறுதிப் பகுதியில் அந்தப் புள்ளி வந்து சேர்ந்தபோது, இசைப் பயிற்சி ஏதும் இல்லாத எங்கள் அப்பத்தா, "இதுக்காகத்தான் இத்தனை நேரம் அவசரப்பட்டானாக்கும்" என்றார்கள். நான் படித்த விமர்சனங்களில் இதைவிடச் சரியான வாக்கியம் இல்லை.

தம் படைப்பைத் தாமே வாசிப்பவருக்கு அது முடிந்துபோன பொருள் அன்று என்பதே என் கருத்து. இதற்கு ராக்மானினோவின் கடிதம் ஒன்றே சான்று. 1931-இல் இயற்றிய கொரெல்லி வேரியேஷன்களை, அதாவது ஒரே மெட்டை விதவிதமாக மாற்றி எழுதிய துண்டுகளை, கச்சேரிப் பயணத்தில் வாசித்துவந்த காலத்தில், நண்பரும் சக பியானோ கலைஞருமான மெட்னருக்கு அவர் எழுதினார்: அவையில் இருமல் கூடினால் அடுத்த வேரியேஷனை விட்டுவிடுவாராம், இருமல் இல்லையென்றால் வரிசைப்படி வாசிப்பாராம். இருக்கும் இருபதில் ஒரு சிற்றூரில் பத்துதான் வாசிக்க முடிந்தது என்றும் அதிலேயே சொல்கிறார். இதை வேடிக்கையாகப் படித்துவிட்டுப் போகிறவர்கள் பலர். எனக்கு அது ஒரு படைப்பாளி அவையின் மூச்சைக் கவனித்துத் தம் படைப்பின் நீளத்தை நிறுத்துப் பார்த்ததாகவே படுகிறது.

அந்த மெட்னரைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அவரும் தாமே இயற்றி வாசித்தவர். ரஷ்யாவை விட்டு வெளியேறிய பிறகு லண்டனில் வறுமையோடு இருந்தவருக்குக் கைகொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். மெட்னரின் இசையை அவரையே வாசிக்கச் செய்து பதிவு செய்வதற்கென மகாராஜாவின் பொருளுதவியால் லண்டனில் ஒரு சங்கம் அமைந்தது. மூன்று கன்சர்ட்டோக்களும் அப்படித்தான் இயற்றியவரின் கைகளாலேயே பதிவாயின. மூன்றாவதை அவர் மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். பியானோ கலைஞராக வேண்டும் என்று இளமையில் விரும்பிய அந்த மகாராஜா, பின்னாளில் 94 கர்நாடகக் கீர்த்தனைகளை இயற்றியதையும், 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாநிலத்தின் ஆளுநராக இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெட்னரின் பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம், தெற்கே இருந்து போன பணம் ஒரு மனிதரின் விரல்களை அழியாமல் காத்தது என்ற நினைப்பில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

தேவகோட்டையைச் சேர்ந்தவர், தற்போது சிங்கப்பூரில்:

காரைக்குடி ஐயா அவர்கள் எழுதியதன் தொடர்ச்சியாக என் அனுபவத்தைச் சொல்கிறேன். எஸ்பிளனேட் அரங்கில் மொசார்ட்டின் டி மைனர் கன்சர்ட்டோவை ஓர் ஐரோப்பியக் கலைஞர் வாசிக்கக் கேட்டேன். 1785-இல் இயற்றப்பட்ட அந்தப் படைப்பில், ஆர்கெஸ்ட்ரா முழுவதும் ஓய்ந்து பியானோ மட்டும் தனித்து ஒலிக்க வேண்டிய கடென்ஸா என்னும் பகுதிக்கு மொசார்ட் எழுதிய குறிப்பு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பின்னர் பீத்தோவன் ஒன்று எழுதினார்; பெரும்பாலோர் அதையே வாசிக்கிறார்கள். அன்று வந்தவர் தாமே இயற்றியதை வாசித்தார். முதல் சில நொடிகள் மொசார்ட்டின் சொற்களாகவே இருந்து, பிறகு இடக்கை மிகத் தாழ்ந்த கட்டைகளில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, வலக்கை அதன்மேல் எங்கெங்கோ அலைந்து, நம் காலத்தின் கசப்பையெல்லாம் தொட்டுவிட்டு, எப்படித் திரும்பியது என்று புரியாதபடி பழைய வீட்டு வாசலில் வந்து நின்றது. நல்ல வித்வான் ஒருவர் நிரவலில் நெடுந்தூரம் போய்விட்டுப் பல்லவியின் எடுப்பில் பிசகாமல் வந்து விழும்போது உண்டாகும் அதே சிலிர்ப்பு எனக்கு உண்டாயிற்று.

நிகழ்ச்சி முடிந்து கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்றபோது, இது ஒவ்வோர் இரவும் மாறுமா என்று கேட்டேன். தொடக்கமும் முடிவும் எழுதி வைத்தவை என்றும், நடுப்பகுதி மட்டும் அரங்கின் எதிரொலியைப் பொறுத்து நீளும் அல்லது சுருங்கும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

பள்ளத்தூரிலிருந்து, பியானோ ஆசிரியை:

எங்கள் வீட்டுப் பியானோ, பர்மாவில் தொழில் நடத்திய காலத்தில் ஐயா தருவித்தது. நம் ஊர் வெயிலுக்கு அதன் சுருதி நிற்பதில்லை. சென்னையிலிருந்து ஆள் வந்து சேர்த்துவிட்டுப் போன சில வாரங்களிலேயே மேல்கட்டைகள் இறங்கிவிடும். ஆயினும் அந்தப் பியானோவில்தான், துருக்கியைச் சேர்ந்த பாசில் சாய் 1997-இல் இயற்றிய 'கருமண்' என்ற படைப்பை முயன்று பார்த்தேன். அவர் வாசிப்பதைக் காணொளியில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இடக்கையைப் பியானோவின் உள்ளே விட்டுத் தந்திகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் கட்டைகளைத் தட்டுகிறார். பார்வையற்ற நாட்டுப்புறப் பாடகர் ஆஷிக் வெய்செலின் பாடலிலிருந்து பிறந்த படைப்பு அது; தந்தியை அமுக்கியதும் பியானோ தன் குரலை மறந்து, வெய்செல் மீட்டிய சாஸ் என்னும் நரம்புக் கருவியாகவே பேசத் தொடங்கிவிடுகிறது. சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வீணை வாசித்து வளர்த்த காரைக்குடிப் பக்கத்தில் பிறந்த என் காதுக்கு அந்த ஒலி அந்நியமாகவே இல்லை. கருவியை வெளியிலிருந்து மட்டும் அறிந்த ஒருவருக்கு இப்படி இயற்றத் தோன்றியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

என் மாணவி ஒருத்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ மேதை லிஸ்ட்டின் 'டிரான்ஸென்டென்டல்' எட்யூடுகள் என்னும் பயிற்சிப் படைப்புகளில் ஒன்றைப் பயில ஆசைப்படுகிறாள். எந்தப் பதிப்பு, எதிலிருந்து தொடங்கலாம் என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காரைக்குடியிலிருந்து மீண்டும்:

அம்மா, உங்கள் கேள்விக்கான விடையும் நம் பேச்சின் நடுவிலேயேதான் இருக்கிறது. லிஸ்ட் இந்த எட்யூடுகள் பன்னிரண்டையும் மூன்று முறை எழுதினார். 1826-இல் சிறுவனின் பயிற்சிகளாக வெளிவந்தவை, 1830-களின் இறுதியில் அவர் ஐரோப்பாவையே கலக்கிக்கொண்டிருந்தபோது வேறு யாரும் எளிதில் நெருங்க முடியாத கடினத்தோடு மறுபிறவி எடுத்தன. தனி ஒருவராக மேடையை நிரப்பும் பியானோ கச்சேரிக்கே வடிவம் கொடுத்தவர் அவர். நம் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பாட்டுக் கச்சேரிக்கு ஒரு பத்ததி அமைத்துக் கொடுத்ததையும், திருப்பாவைக்கு மெட்டமைத்ததையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருவருக்கும் மேடை அனுபவமே படைப்புக்கு உரைகல். ஆனால் லிஸ்ட் 1847-இல், முப்பத்தைந்து வயதில், பணத்துக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டு ஜெர்மனியின் வைமார் நகரில் தங்கி இயற்றலானார். அங்கேதான் 1852-இல் வெளிவந்த மூன்றாவது வடிவம் உருவாயிற்று. அதில் அவர் சேர்த்ததைக் காட்டிலும் நீக்கியதே அதிகம். தம் கைக்கு மட்டுமே வேண்டியிருந்த சுமைகளை இறக்கிவிட்டு, இசைக்கு வேண்டியதை வைத்துக்கொண்டார்.

ஆகவே 1852 பதிப்பையே வாங்குங்கள். மாணவியை மூன்றாவதான 'பேசாஜ்' என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். விரல் வேகத்தைவிடச் சீரான மூச்சையும், இரு கைகளும் ஒன்றையொன்று கேட்பதையும் அது எதிர்பார்க்கிறது. நான்காவதான 'மஸெப்பா'வை இப்போதைக்குத் தொட வேண்டாம்.