கம்பளியையும் பட்டையும் அரிக்கும் பூச்சி: வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். பீரோவில் மடித்து வைத்திருந்த கம்பளி சால்வையிலும் ஒரு பட்டுத் துணியிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். பக்கத்திலேயே இருக்கும் பருத்தித் துணிகளை எதுவும் தொடவில்லை. அதனால் இது இராமபாணப் பூச்சி வேலை இல்லை என்று நினைக்கிறேன், அதற்குக் கஞ்சி போட்ட துணியும் காகிதமும்தானே பிடிக்கும்! மடிப்புக்குள் அரிசி அளவில் நூல்கூடு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் அந்துப்பூச்சியின் புழுவா? ஆனால் அலமாரி மூலையில் மயிர் அடர்ந்த பழுப்புத் தோல் உரிகளும் கிடந்தன. அது கம்பள வண்டின் புழு விட்டதோ என்ற சந்தேகமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்குமா?

துவைக்கக்கூடியதை 60 டிகிரி வெந்நீரில் அலசியாச்சு. சால்வையை அப்படிச் செய்தால் சுருங்கிவிடும். பாலிதீன் கவரில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும் என்கிறார்கள். ஜரிகை உள்ள பட்டை அப்படி வைத்தவர்கள் யாராவது இருக்கீங்களா? ஜரிகை கறுக்குமா?

அந்துருண்டை வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அந்த வாடை குழந்தைக்கு ஆபத்து. வேப்பிலை, கிராம்பெல்லாம் வாசனைக்குச் சரி, உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று நம்பிக்கை இல்லை. பீரோவின் மர இடுக்குகளை எப்படிச் சுத்தம் செய்வது என்பதுதான் இப்போதைய பெரிய தலைவலி. வாக்குவம் மட்டும் போதுமா, மருந்தும் அடிக்கணுமா?