மருந்துக் கணக்கில் எது மேலே, எது கீழே?

முதலாண்டு மாணவி:

பள்ளியோடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு நர்சிங் சேர்ந்தவள் நான். இங்கே வந்தும் அது விடவில்லை. நேற்றைய தேர்வில் இரண்டு கணக்கு தப்பு. ஒன்று, ஜென்டாமைசின் ஊசி மருந்து 60 மி.கி. கொடுக்க வேண்டும், ஆம்பியூலில் (உடைத்துத் திறக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) 2 மி.லி.க்கு 80 மி.கி. இருக்கிறது. நான் 80/60 × 2 போட்டு 2.67 மி.லி. என்று எழுதினேன். இன்னொன்று, 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட்டில் மி.லி.க்கு 20 சொட்டு. எனக்கு வந்த விடை நிமிடத்துக்கு 2500 சொட்டு! சூத்திரம் மனப்பாடம்தான். பதற்றத்தில் எது மேலே, எது கீழே என்று குழம்பிவிடுகிறது. ஏதாவது சுலப வழி இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

வேண்டியது மேலே, கையில் இருப்பது கீழே, கடைசியில் மி.லி.யால் பெருக்க வேண்டும். 60/80 × 2 = 1.5 மி.லி. சொட்டுக் கணக்கில் மணியை நிமிடமாக்க மறந்துவிட்டீர்கள். 500 × 20 ÷ 240 = 41.67, அதாவது 42 சொட்டு. அவ்வளவுதான்.

நைட் டூட்டி அக்கா:

அவ்வளவுதான் என்றால் இந்தப் பெண் ஏன் இங்கே வந்து கேட்கப் போகிறாள்? சூத்திரம் தெரிந்துதானே தலைகீழாகப் போட்டிருக்கிறாள்!

தங்கச்சி, நான் சூத்திரத்தை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஆம்பியூலைக் கையில் எடுத்ததும் என்னை நானே கேட்பது ஒன்றுதான்: இது முழுசாக வேண்டுமா, இதில் கொஞ்சம் போதுமா, இன்னொன்று உடைக்க வேண்டுமா? உள்ளே 80 இருக்கிறது, வேண்டியது 60. அப்போது விடை 2 மி.லி.க்குள்தான் இருக்க வேண்டும். 2.67 என்றால் இரண்டாவது ஆம்பியூலை உடைத்தாக வேண்டும், கை அங்கேயே நின்றுவிடும். அப்புறம் 1 மி.லி.யில் எவ்வளவு என்று பாருங்கள். 40 மி.கி. அரை மி.லி.யில் 20. நாற்பதும் இருபதும் அறுபது, ஆக ஒன்றரை மி.லி. பேனாவே வேண்டாம்.

சொட்டும் அப்படித்தான். நிமிடத்துக்கு 2500 என்றால் நொடிக்கு 40க்கும் மேல். அது டிரிப் இல்லை, திறந்துவிட்ட குழாய். 42 என்றால் 15 நொடிக்குப் பத்துப் பதினொன்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணிவிடலாம். மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் கிடைத்தால் இன்னும் நிம்மதி. மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. மணிக்கும் 60 நிமிடம், மி.லி.க்கும் 60 சொட்டு, இரண்டும் அடிபட்டுப் போய்விடும்.

இவ்வளவு பேசுகிறவள் ஒரு தடவை வசமாக மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, விடியற்காலை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் 3000 யூனிட் ஆர்டர். 5 மி.லி. வயல் (மருந்துக் குப்பி), லேபிளில் 5000 என்று கண்ணில் பட்டது. மொத்த வயலுக்கும் 5000 என்று எடுத்துக்கொண்டு 3 மி.லி. இழுத்துவிட்டேன். அந்த 5000 ஒரு மி.லி.க்கு. வயல் முழுக்க 25,000 யூனிட். என் சிரிஞ்சில் இருந்தது 15,000, ஐந்து மடங்கு! பக்கத்தில் இருந்த சிஸ்டரிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். அவர் என் விடையைக் கேட்கவே இல்லை. வயலை வாங்கினார், ஆர்டரைப் பார்த்தார், தனியாகக் கணக்குப் போட்டு "0.6" என்றார். நானே முந்திக்கொண்டு "3 மி.லி. சரிதானே சிஸ்டர்?" என்று கேட்டிருந்தால், தூக்கக் கலக்கத்தில் அவரும் தலையாட்டியிருக்கலாம். அன்றிலிருந்து யாரிடம் சரிபார்க்கக் கொடுத்தாலும் என் விடையைச் சொல்வதில்லை. ஒரு வகையில் என் சூத்திரம் சரியாகவே இருந்தது என்பதையும் கவனியுங்கள். லேபிளைப் படித்ததுதான் தப்பு.

முதலாண்டு மாணவி:

அக்கா, படிக்கும்போதே கை நடுங்கிவிட்டது. இப்போது நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். இதய மருந்து டிகாக்சின் 0.125 மி.கி. ஆர்டர், மாத்திரை 250 மைக்ரோகிராம். 0.125/250 போட்டதும் 0.0005 மாத்திரை என்று வந்தது. அப்படி ஒரு துணுக்கை எந்தக் கத்தியால் வெட்டுவது என்று சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, ஒன்று மில்லி, இன்னொன்று மைக்ரோ. 0.125 மி.கி. என்றால் 125 மைக்ரோகிராம், அரை மாத்திரை. சரிதானே?

இன்னொரு சந்தேகம். 12 கிலோ குழந்தை, பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி. எனக்கு 7.2 மி.லி. வந்தது. 7 என்று எழுதலாமா?

நைட் டூட்டி அக்கா:

அரை மாத்திரை சரி. சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு வந்தால் பாதிக் கணக்கு பிடிபட்டது. எழுதும்போது 0.125 என்று முன்னால் சைபர் போட்டுத்தான் எழுத வேண்டும். வெறும் புள்ளியோடு விட்டால் அவசரத்தில் புள்ளி கண்ணில் படாது. முழு எண்ணுக்குப் பின்னால் சைபர் போடவே கூடாது. 5.0 என்பதை 50 என்று படிக்க ஒருவர் எங்காவது இருப்பார்.

சிரப்பை ஏன் 7 ஆக்க வேண்டும்? 0.2 கோடு போட்ட சிரிஞ்சில் 7.2 நேராக வரும், ஸ்பூன் வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி. அந்த 15 மி.கி. ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா? ஆர்டரில் அது தெளிவாக இல்லாவிட்டால் எழுதிய டாக்டரிடமே கேட்டுவிடுங்கள், நீங்களாக ஊகிக்க வேண்டாம். அடுத்தது, கையில் இருக்கும் பாட்டில் எது? இதே சிரப் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றும் வரும். அந்த பாட்டிலை எடுத்திருந்தால் 3.6 மி.லி.தான்.