வீட்டில் மின்காந்தப்புல அளவி தேவையா?

மலர்விழி:
என் குழந்தையின் கட்டிலை ஒட்டிய சுவருக்கு மறுபக்கம் மின்பலகை இருக்கிறது. மின்சாரத்தால் உண்டாகும் காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டர் வாங்கித் தலையணை மேல் வைத்தேன். 11 மில்லிகாஸ் காட்டியது. கட்டிலை எதிர்ச்சுவர் ஓரம் போட்டதும் 1-க்குக் கீழே இறங்கிவிட்டது. குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் கருவி கட்டாயம் வேண்டும் என்பேன். அடுத்து, அந்தச் சுவரில் அலுமினியத் தாள் ஒட்டப் போகிறேன். கைபேசிக்குக் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கரும் வாங்கப் போகிறேன்.

தணிகாசலம்:
கட்டிலை நகர்த்தியது சரி. கருவியைக் கட்டாயம் என்பதை ஏற்க மாட்டேன். 11 மில்லிகாஸ் என்பது, காந்தப்புலத்தின் இன்னோர் அலகில் சொன்னால், 1.1 மைக்ரோடெஸ்லா. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பொதுமக்களுக்கு 200 மைக்ரோடெஸ்லா வரை போகலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் 2010-இல் வகுத்தது. எண்ணின் பொருள் தெரியாதவர் கையில் கருவியைக் கொடுத்தால் மிஞ்சுவது பயம்தான்.

மலர்விழி:
ஐயா, அந்த வரம்பு நரம்பு தூண்டப்படுவது போன்ற உடனடி விளைவுகளுக்காகப் போட்டது. ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் தூங்கும் குழந்தையைப் பற்றி அது பேசவில்லை. சராசரிக் காந்தப்புலம் 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டும் வீடுகளில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால்தானே, 2002-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2பி பிரிவில் வைத்தது?

தணிகாசலம்:
புற்றுநோய் தரக்கூடும், ஆனால் சான்று போதாது என்பதற்கான பிரிவு அது. காரணம் இதுதான் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. நீங்கள் சொல்வது நீண்டகாலச் சராசரி. உங்கள் தலையணையில் பார்த்தது ஒரு நிமிட அளவு.

அமுதன்:
நான் வயரிங் வேலை செய்பவன். அம்மா, அந்தத் தாளை ஒட்டாதீர்கள். மெல்லிய அலுமினியம் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. தடுப்பது மின்புலத்தை மட்டுமே, அதுவும் எர்த் செய்திருந்தால்தான். மின்பலகை அருகே கடத்தியை ஒட்டுவது ஷாக்குக்கு வழி. ஸ்டிக்கரும் அப்படித்தான்: உண்மையிலேயே அலையைத் தடுத்தால், கோபுரத்தை எட்டக் கைபேசி இன்னும் வலுவாக அலைபரப்பும். காதிலிருந்து தள்ளி வைத்து ஒலிபெருக்கியில் பேசுவதே பலன் தரும்.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு திசையில் மட்டும் அளக்கும் ஓரச்சு அளவியாக இருந்தால் மூன்று திசையிலும் திருப்பிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியைத் தவற விடுவீர்கள். கையில் ஆட்டிக்கொண்டே பார்த்தால் சில கருவிகளில் பூமியின் காந்தப்புலமும் எண்ணைக் குழப்பும். அசையாமல் வைத்துப் பாருங்கள். கைபேசிச் செயலியை நம்ப வேண்டாம். அதிலுள்ளது திசைகாட்டிக்கான உணரி.

இன்னொன்று முக்கியம். ஃபேஸில் போகும் மின்னோட்டம் அதே பாதையில் நியூட்ரலில் திரும்பினால் இரண்டின் புலமும் பெருமளவு ஒன்றையொன்று அழிக்கும். இரண்டு சர்க்யூட்டுகளின் நியூட்ரலை எங்காவது சேர்த்துக் கட்டியிருந்தால் அழியாது, அறை முழுக்கப் பரவும். அது வயரிங் பிழை. உங்கள் கருவி காட்டித்தரக்கூடிய பெரிய விஷயம் இதுதான்.

தணிகாசலம்:
பிழையைத் தேட எலக்ட்ரீசியன் கருவி கொண்டுவரட்டும். வீட்டுக்கு வீடு ஒன்று எதற்கு?

மலர்விழி:
தாளும் ஸ்டிக்கரும் வேண்டாம் அண்ணா, விட்டுவிட்டேன். ஆனால் ஐயா, எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும் என்பதே இந்தக் கருவியால்தானே எனக்குத் தெரிந்தது? இன்றிரவு கட்டில் பழைய இடத்தில் இருந்த புள்ளியில் கருவியை அசையாமல் வைத்து, ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துப் பார்க்கிறேன். எதை அணைத்தபோது எண் சரிந்தது என்று நாளை எழுதுகிறேன்.