நிறம் வெளுத்துப் போன டைகர் இறால்: மோனோடானா, செமிசல்கேட்டஸா?

அலைவாய்_மாணவி:
வணக்கம். முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காகப் பாக் விரிகுடாப் பக்கம் விசைப்படகு இறங்குதளத்தில் வாங்கிய 43 இறால்கள் ஜாடியில் கிடக்கின்றன, பாதி ஃபார்மலினில், பாதி ஸ்பிரிட்டில். வாங்கிய அன்றே பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும், பரீட்சை வந்ததில் தள்ளிப்போட்டு விட்டேன். இப்போது எல்லாம் அவித்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரே வெளுப்பு, வரியும் இல்லை, மீசையும் முக்கால்வாசி ஒடிந்து விட்டது. பீனியஸ் மோனோடான், பீனியஸ் செமிசல்கேட்டஸ் என்ற இரண்டு டைகர் இறால் இனமும் கலந்து கிடப்பதாகத் தோன்றுகிறது. தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் பல் எண்ணிப் பார்த்தேன், மேலே 7 கீழே 3 என்று திரும்பத் திரும்ப வருகிறது, புத்தகத்தில் இரண்டுக்குமே அதே கணக்குதான் போட்டிருக்கிறது. வேறு எதை வைத்துப் பிரிப்பது?

ஐஸ்பெட்டி_அண்ணன்:
தங்கச்சி, நாங்கள் ஏலத்தில் கொம்பையெல்லாம் எண்ணுவதில்லை. விடியற்காலை லைட் வெளிச்சத்தில் மீசையைப் பார்ப்போம். சிவப்பும் வெளுப்புமாக வளையம் வளையமாக இருந்தால் செமிசல்கேட்டஸ், ஏற்றுமதிக்காரர்கள் ஃப்ளவர் என்பார்கள். வளையம் இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் கறுப்பு டைகர், அதாவது மோனோடான். நீங்கள் வாங்கிய இடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஃப்ளவராகத்தான் இருக்கும், அந்தப் பக்கம் விசைப்படகு இறாலில் அதுதான் அதிகம். ஆனால் ஜாடிக்குள் போட்டதை என்னிடம் காட்டினால் நானும் முழிப்பேன்.

ஓட்டுக்குள்_பார்:
அண்ணன் சொன்னது புது இறாலுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஜாடி இறாலுக்கு ஐந்தாவது நடைக்காலைப் பாருங்கள்.

இரண்டிலும் முதல் நான்கு நடைக்கால்களின் அடியில், வெளிப்பக்கமாக, எக்ஸோபாட் என்ற சின்னக் கிளை இருக்கும். ஐந்தாவது காலில்தான் வித்தியாசம். செமிசல்கேட்டஸில் அங்கேயும் உண்டு, மோனோடானில் கிடையாது. இதில் எல்லாரும் தப்புவது எங்கே என்றால், செமிசல்கேட்டஸின் அந்தக் கிளை ரொம்பச் சின்னது, தலையோட்டின் கீழ்விளிம்புக்குள் மறைந்து கிடக்கும், மேலாகப் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதினால் ஜாடியில் உள்ளது பூராவும் மோனோடான் ஆகிவிடும். ஊசிமுனையால் ஓட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பிடியுங்கள், முதலில் நான்காவது காலின் கிளையைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள், அப்புறம் ஐந்தாவதுக்குப் போங்கள். ஃபார்மலின் இறாலில் கால் முறுகிப்போய்ச் சட்டென்று ஒடியும், முன்னாடியே தண்ணீரில் நன்றாக ஊறவிட்டுக் கழுவி, கையுறை போட்டுக்கொண்டு வேலை பாருங்கள்.

கூடவே இரண்டு அடையாளம். ஒன்று, கொம்புக்குப் பின்னால் ஓட்டின் நடுமுதுகில் ஓடும் மேடு. செமிசல்கேட்டஸில் அதன் உச்சியில் தெளிவான பள்ளம் இருக்கும் ("அரைகுறைப் பள்ளம் உள்ளது" என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம்), மோனோடானில் இருக்காது, இருந்தாலும் மங்கல்தான். இரண்டு, ஓட்டின் பக்கவாட்டில் கல்லீரல் முள் இருக்கிறதே, அங்கிருந்து முன்னோக்கிப் போகும் வரப்பு மோனோடானில் கிடைமட்டமாக நேராகப் போகும், செமிசல்கேட்டஸில் முன்பக்கம் கீழே சரியும். ஈரமாக இருந்தால் ஒன்றும் தெரியாது. டிஷ்யூவால் ஒற்றி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், வரப்பு நிழல் கட்டி நிற்கும்.

கொம்பை நம்பாதீர்கள். மோனோடான் என்றால் ஒற்றைப்பல் என்று பொருள், 1798இல் விலங்கியலாளர் ஃபாப்ரிசியஸ் எதை எண்ணி அந்தப் பெயர் வைத்தாரோ.

பார்கோடு_பையன்:
இவ்வளவு சிரமம் எதற்கு? டிஎன்ஏ பார்கோடு, அதாவது ஒரு மரபணுத் துண்டைப் படித்து இனத்தைக் கண்டுபிடிப்பது, அதைச் செய்தால் முடிந்தது.

ஓட்டுக்குள்_பார்:
செய்யலாம் தம்பி, ஸ்பிரிட்டில் உள்ளதற்கு. ஃபார்மலினில் கிடந்ததில் டிஎன்ஏ சிதைந்திருக்கும், உருப்படியாக எடுப்பது கஷ்டம். அடுத்த முறை வாங்கும்போதே ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீச்சல்காலை வெட்டித் தனியாகச் சுத்த ஆல்கஹாலில் எண் போட்டு வைத்துவிட்டால் உடலைப் பார்க்கவும் ஆகும், டிஎன்ஏ எடுக்கவும் ஆகும். ஆனாலும் 43 இறாலுக்கு லென்ஸும் ஊசியும் ஒரு மத்தியானமும் போதும்.

நாகை_வலை:
இடையில் ஒரு கேள்வி. வெள்ளை இறாலில் இண்டிகஸையும் மெர்குயென்சிஸையும் எப்படிப் பிரிப்பது? எனக்கு அதுதான் பெரிய தலைவலி.

ஓட்டுக்குள்_பார்:
கொம்பின் அடிப்பகுதி முக்கோணமாக எழும்பி நின்றால் மெர்குயென்சிஸ், தாழ்வாக இருந்து கொம்பு லேசாக வளைந்து போனால் இண்டிகஸ். இது வளர்ந்ததற்கு. ஆண் கையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், வாய்க்குப் பக்கத்தில் மூன்றாவது தாடைக்காலின் கடைசிக் கணுவை அதற்கு முந்தின கணுவோடு அளந்து பாருங்கள். இண்டிகஸில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், மெர்குயென்சிஸில் கடைசிக் கணு பாதிதான்.

அலைவாய்_மாணவி:
சார், நேற்று உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஆறு இறாலில் கிளையே கண்ணில் படவில்லை, எல்லாம் மோனோடான் என்று எழுதிவிட்டுத்தான் ஓட்டைத் தூக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பப் பார்த்தால் ஆறிலும் இருக்கிறது! நகம் வெட்டின துணுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மொத்தம் 36 செமிசல்கேட்டஸ், 4 மோனோடான். ஐஸ்பெட்டி அண்ணன் சொன்னதுதான் சரி. ஒன்றில் மட்டும் கீழ்ப்பல் ஒன்றே ஒன்று, கொம்பின் இரண்டு பக்கமும் பள்ளம் ஓட்டின் கடைசி வரை போகிறது. அது என்ன? இன்னும் இரண்டில் ஓடு நசுங்கி, ஐந்தாவது காலும் இல்லை.

ஓட்டுக்குள்_பார்:
அந்த ஒற்றை இறால் வேறு கூட்டம், ஜப்பானிகஸ், லேட்டிசல்கேட்டஸ் வகையறா. அதைத் தனி ஜாடியில் எடுத்து வைத்து, ஓட்டை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்துப் போடும்மா, பார்த்துச் சொல்கிறேன். நசுங்கின இரண்டுக்கும் பீனியஸ் என்று மட்டும் எழுதி இனப்பெயர் இடத்தைக் காலியாக விடு. கைடு கேட்டால் கால் இல்லை என்று சொல்.

ஐஸ்பெட்டி_அண்ணன்:
அடுத்த தடவை வாங்கும்போது மீசை ஒடியாததாகக் கேளுங்கள், தனியாக எடுத்துத் தரச் சொல்கிறேன்.