மறுமொழி: நீருக்குள் எடுக்கும் ஆடல் ஒளிப்படங்களுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

நீருக்குள் ஆடற்கலைஞர்களை எடுக்கும் ஒளிப்படங்களுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகளில் சிலவற்றைக் கழித்துவிட்டால் பேச்சு எளிதாகும்.

> "நீராடல் ஒளிப்படம்" என்று வைக்கலாமே. சுருக்கம், ஆடலும் வந்துவிடுகிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் நீராடல் என்றால் குளிப்பது. கண்காட்சி அழைப்பிதழில் இதை அச்சடித்தால் யார் யார் என்னென்ன எதிர்பார்ப்போடு வந்து நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புனலாடலுக்கும் இதே கதி. "நீர்மூழ்கி ஒளிப்படம்" என்றால் கடற்படை நினைவுக்கு வரும். "ஆழ்கடல்" என்ற அடைமொழி வேண்டவே வேண்டாம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டோனி ஃப்ரிசெல் 1947இல் நீண்ட உடையணிந்த பெண் மிதப்பதை எடுத்தது ஃபுளோரிடாவின் வீக்கி வாச்சி ஊற்றில். இன்னொரு அமெரிக்கக் கலைஞர் ஹோவர்ட் ஷாட்ஸ் 1990களில் நடனக் கலைஞர்களை எடுத்தது நீச்சல் குளத்தில். சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். தோலின் நிறம் வேண்டுமென்றால் ஆழத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

> ஆடுவதைத்தானே படம் பிடிக்கிறோம்? தலைச்சொல் "ஆடல்" ஆகத்தான் இருக்க வேண்டும்.

அம்மா, இங்கேதான் நான் மாறுபடுகிறேன். நீருக்குள் ஆட முடியாது. பாதத்தால் தட்டி ஆடும் தட்டடவுக்குத் தரை வேண்டும். அங்கே பாதத்தை ஓங்கி வைத்தால் உடல் மேலே எழும்பிவிடும். முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் அமர உடலுக்கு எடை வேண்டும். அதில் பெரும்பகுதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. நுரையீரல் நிறையக் காற்றோடு இறங்கினால் மார்பு மேலே போகும், கால்கள் தொங்கும். அதனால் காற்றில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டு இறங்குகிறார்கள். மூச்சு தாங்கும் நேரமும் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு. தொடங்கிய சுழற்சி பாதியிலேயே தளர்ந்துபோகும். தாளத்துக்கு அங்கே வேலையே இல்லை.

கண்ணையும் பாருங்கள். கை போகும் வழியில் கண் போக வேண்டும் என்பது ஆடலின் பாலபாடம். முகமூடி இல்லாமல் நீருக்குள் கண் திறந்தால் கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலமான விழிவெண்படலத்தின் ஒளிவிலக்கும் ஆற்றல் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. தன் விரல் நுனிகூடக் கலங்கலாகத்தான் தெரியும். ஆகவே அந்தப் படங்களில் நாம் வியக்கும் நோக்கு, எதையும் தெளிவாகக் காணாத ஒருவர் உத்தேசமாக வைத்த நோக்கு.

மிஞ்சுவது என்ன? முதுகின் வளைவு, நீட்டிய கையின் கோடு, பின்னால் வரும் துணி. கை நின்றுவிட்ட பிறகும் துணி நிற்பதில்லை. தோளைத் தாண்டி மெல்ல விரிந்து, கை வந்த பாதையைச் சற்று நேரம் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒளிப்படக் கலைஞர் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். மூக்கோரத்தில் ஒரு குமிழி தெரிந்தால் அந்தப் படம் கெட்டது. இது ஆட்டத்தின் பதிவு இல்லை. ஆடலில் பழகிய உடல் எடையிழந்து எடுக்கும் வடிவம்.

எனவே என் பரிந்துரை: நீருள் ஆடலுரு. படத்தைக் குறிக்க "நீருள் ஆடலுருப் படம்". ஆடல் அடையாக நிற்கட்டும், தலைச்சொல் "உரு" என்று இருக்கட்டும். "உருவம்" என்று எழுதாததற்குக் காரணம், "உருவப்படம்" முகத்தை எடுக்கும் படத்துக்கு என்றோ நிலைத்துவிட்டது. "நீரடி" என்பதும் சரிவராது. அது தரைமட்டத்தைக் காட்டுகிறது, இந்த உருவோ நடுநீரில் நிற்பது.

> சிலம்பில் "நீர்த்திரை அரங்கம்" இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் முருகன் ஆடிய துடிக்கூத்துக்கு அதுதான் மேடை. எனக்கும் விட மனமில்லை. ஆனால் அது கடல் நடுவே அலையே அரங்கான ஆடல். நமக்கு வேண்டியது உள்ளே. ஒன்று செய்யலாம்: குளத்துக்குள் கறுப்புத் துணி தொங்கவிட்டு விளக்கு அமைத்த இடத்தை "நீரரங்கு" என்போம். திரை என்றால் அலை, பின்னால் தொங்கும் துணிக்கும் திரை என்றே பெயர் என்பதால் பொருத்தம் தானாகவே அமைந்துவிடுகிறது.

மேற்பரப்பில் தலைகீழாகத் தெரியும் இரட்டை வடிவத்துக்கு ஒருவர் "பிரதிபிம்பம்" என்று எழுதியிருந்தார். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. வட்டத்துக்கு அப்பால் நீர்ப்பரப்பே கண்ணாடியாகி, ஆடலுருவைக் கவிழ்த்துக் காட்டுகிறது. அதற்கு "எதிருரு" போதும். ஆடலுரு, எதிருரு என்று இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும்.

நீர் புகாத கேமரா உறையின் முன்னுள்ள அரைக்கோளக் கண்ணாடிக்குக் "கவிகைக் கண்ணாடி" என்பதை எல்லோரும் ஏற்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் தீராதது வெண்புள்ளிச் சிக்கல். விளக்கு கேமராவை ஒட்டியிருந்தால் நீரில் மிதக்கும் துகள்களில் ஒளி பட்டுத் திரும்பி, படமெங்கும் பொட்டுப் பொட்டாக விழும். விளக்கைப் பக்கவாட்டில் விலக்கினால் குறையும். இயற்பியலில் "பின்சிதறல்" உண்டு; அது காரணத்தின் பெயர், படத்தில் விழும் புள்ளியின் பெயர் ஆகாது. "மாசுப்புள்ளி" என்று குறித்து வைத்திருக்கிறேன், லென்ஸ் அழுக்கோடு குழம்புமோ என்ற ஐயத்தோடு. இதைவிட நல்லது கைவசம் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். புது இழை தொடங்க வேண்டாம்.

அன்புடன்